வெளிச்சத்துக்கு 500 ரூபாய் போதும். 20,000 ரூபாய் கேட்கிறது ஃபேன்!



ஐப்பசி பிறந்தா நம்ம ஊர்ல மூணு விஷயம் ஒண்ணா வரும். மழை, தீபாவளி ஆஃபர், பவர் கட். இந்த மூணும் ஒரே சமயத்துல வர்றதால, "இந்த வருஷமாவது வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் போட்டுடலாம்"ங்கற பேச்சு நிறைய வீடுகள்ல ஆரம்பிக்கும். கையில போனஸ் வேற வந்திருக்கும். கடையில "நோ காஸ்ட் இஎம்ஐ" போர்டும் தொங்கும். அப்புறம் என்ன, கார்டைத் தேய்ச்சுட்டு வந்துடுவோம்.

இன்வெர்ட்டர் வாங்கக் கூடாதுன்னு நான் சொல்ல வரல. ஆனா "கரண்ட் போனா பாத்ரூம் பக்கம் ஒரே இருட்டா இருக்கு, அம்மா தடுமாறுறாங்க" அப்படிங்கற காரணத்துக்காக 20,000 ரூபாய் செலவு பண்றது தப்பான கணக்கு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வெளிச்சம் ஒரு தேவை, காத்து இன்னொரு தேவை. ரெண்டையும் தனித்தனியா வாங்கணும். வெளிச்சத்தை உடனே வாங்குங்க, அதுக்கு 500 ரூபாய் போதும். காத்தை நிதானமா யோசிச்சு வாங்குங்க.

ஏன்னு பார்ப்போம்.

வாட் கணக்கு பொய் சொல்லாது

ஒரு சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். புதுசா வர்ற பிஎல்டிசி ஃபேன்னா 30 வாட் பக்கம். ஒரு எல்இடி பல்ப் 9 வாட். சரி, இருட்டுல விழாம நடக்க எவ்வளவு வெளிச்சம் வேணும்?

பெட்ரூம்லேர்ந்து பாத்ரூம் போற பாசேஜை எடுத்துக்குங்க. 4 அடி அகலம், 10 அடி நீளம். மொத்தம் 40 சதுர அடி, அதாவது 3.7 சதுர மீட்டர். 100 லூமென் வெளிச்சம் தர்ற ஒரு சின்ன லைட்டை அங்கே மாட்டினா, அதுல பாதி சுவர்லயும் மேலேயும் வீணாப் போனாலும், மீதி 50 லூமென் தரையில விழும். ஒரு சதுர மீட்டருக்கு 13 லூமென், அதாவது 13 லக்ஸ். பௌர்ணமி நிலா வெளிச்சம் அரை லக்ஸ் கூட வராது, அதுலயே நாம மொட்டை மாடியில நடக்கறோம். அப்போ 13 லக்ஸ்ங்கறது படி தெரியும், ஈரம் தெரியும், வழியில கிடக்கற செருப்பு தெரியும்.

நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு சுமார் 100 லூமென் தரும். அப்போ உங்களுக்குத் தேவை ஒரே ஒரு வாட். ஒரு ஃபேனுக்கு ஆகற கரண்ட்ல 75 பாசேஜுக்கு வெளிச்சம் போடலாம்.

கடையில "வீட்டுக்கு பேக்கப் வேணும்"னு நீங்க கேட்டா, இந்த ஒரு வாட்டையும் அந்த 75 வாட்டையும் ஒரே மூட்டையா கட்டித்தான் கொடுப்பாங்க. 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி, இன்வெர்ட்டர், ட்ராலி, வயரிங் எல்லாம் சேர்த்து 20,000 ரூபாயைத் தாண்டும். அந்தப் பணம் முழுக்க ஃபேனுக்குத்தான் போகுது. வெளிச்சம் அதுல ஓசி சவாரி.

இந்தப் பழக்கம் எங்கேர்ந்து வந்தது?

2012 ஞாபகம் இருக்கா? நீங்க அப்போ ஸ்கூல்லயோ காலேஜ்லயோ இருந்திருப்பீங்க. சென்னையில நாளுக்கு ரெண்டு மணி நேரம் கட். மத்த மாவட்டங்கள்ல 10 மணி நேரத்துக்கு மேலயும் போச்சு. விட்டு விட்டு வரும், விட்டு விட்டுப் போகும். அப்போ இன்வெர்ட்டர் வாங்கினது புத்திசாலித்தனம். தினமும் பயன்பட்ட பொருள் அது. நம்ம அப்பா அம்மா "வீட்டுல இன்வெர்ட்டர் இல்லாம எப்படி?"ன்னு கேக்கறது அந்த வருஷங்களோட அனுபவம்.

இன்னைக்கு நகரத்துல ஒரு வாடகை வீட்டுல இருக்கற உங்களுக்கு வர்ற கட் வேற மாதிரி. ஒண்ணு, சின்ன கட். டிரான்ஸ்ஃபார்மர் ட்ரிப் ஆகி 10 நிமிஷம், அரை மணி நேரம், மிஞ்சிப் போனா ரெண்டு மணி நேரம். மாசாந்திர பராமரிப்பு ஷட்டவுன் நீளமா இருந்தாலும் அது பகல்ல வரும், முன்கூட்டியே அறிவிப்பாங்க. ரெண்டாவது, பெரிய கட். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் வர்தா, 2018 நவம்பர் கஜா, 2023 டிசம்பர் மிக்ஜாம். இதுல எல்லாம் கட் நாள் கணக்குல போச்சு. கஜா அடிச்ச டெல்டா கிராமங்கள்ல வாரக்கணக்குல போச்சு.

சின்ன கட்டுக்கு இன்வெர்ட்டர் தேவைக்கு அதிகம். பெரிய கட்டுக்கு அது பத்தாது. கணக்கு போட்டுப் பாருங்க. 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரின்னா 1,800 வாட் ஹவர். நஷ்டமெல்லாம் போக கைக்கு வர்றது 1,300ன்னு வச்சுக்குவோம். ஒரு ஃபேன், ஒரு லைட், ஒரு வைஃபை ரவுட்டர் சேர்ந்தா 95 வாட் பக்கம் வரும். 13, 14 மணி நேரத்துல முடிஞ்சது. புயல் அடிச்ச ரெண்டாவது ராத்திரி உங்க வீடும் பக்கத்து வீடும் ஒண்ணுதான்.

இப்போ இன்னொரு கணக்கு. உங்க ஆபீஸ் பையில இருக்கற 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க். உள்ளே இருக்கற செல் 3.7 வோல்ட். அப்போ 37 வாட் ஹவர். நஷ்டம் போக 25 கிடைக்கும்னு குறைச்சே வச்சுக்குவோம். ஒரு வாட் யூஎஸ்பி லைட் குச்சியைச் சொருகினா 25 மணி நேரம் எரியும். ராத்திரிக்கு ஆறு மணி நேரம்னா நாலு ராத்திரி. அந்தக் குச்சியோட விலை 50லேர்ந்து 100 ரூபாய். பவர் பேங்க் ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு!

உண்மையான ரிஸ்க் எங்கே இருக்கு?

ஃபைனான்ஸ்ல நாம எப்பவும் கேக்கற கேள்வி இது. எது நடந்தா நம்ம தாங்க முடியாது? ரெண்டு மணி நேரம் வேர்த்தா தாங்கிக்கலாம். 65 வயசு அம்மா படியில விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா?

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி, எதிர்பாராத காயங்களால ஏற்படற மரணங்கள்ல சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழே விழறதுக்குத்தான். வருஷத்துக்கு உலகம் முழுக்க 6,84,000 பேர். வயசானவங்கதான் இதுல அதிகம். வயசானவங்களுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சா பெரும்பாலும் ஆபரேஷன், அப்புறம் மாசக்கணக்குல நடக்க முடியாத நிலை. தனியார் ஆஸ்பத்திரியில பில் லட்சத்துல ஆரம்பிக்கும். உங்க கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ்ல அப்பா அம்மா பேர் இருக்கா? இருந்தாலும் ரூம் வாடகை லிமிட் எவ்வளவு, கோ-பே எவ்வளவு? இதுக்குப் பதில் தெரியாதவங்க இன்னைக்கே ஹெச்ஆர்கிட்ட கேளுங்க.

இதுல நாம கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. கரண்ட் போனதும் முதல் அரை நிமிஷம்தான் ஆபத்து. வெளிச்சத்துல இருந்த கண்ணு இருட்டுக்கு முழுசா பழக 20, 30 நிமிஷம் ஆகும். வயசானவங்களுக்கு அதைவிட மெதுவா. நீங்க "அம்மா, அங்கேயே நில்லுங்க, டார்ச் எடுத்துட்டு வர்றேன்"னு சொல்றதுக்குள்ள அவங்க ரெண்டு அடி எடுத்து வச்சிருப்பாங்க.

இன்னொண்ணு. ஊர்ல சொந்த வீட்டுல அவங்க கண்ணை மூடிக்கிட்டே நடப்பாங்க. 30 வருஷமா புழங்கின வீடு, எந்த நிலைப்படி எவ்வளவு உயரம்னு காலுக்கே தெரியும். உங்க வாடகை ஃப்ளாட் அப்படி இல்ல. பாத்ரூம் வாசல்ல அரை அடி இறக்கம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். பத்து நாள் தங்கிட்டுப் போக வந்தவங்களுக்குத் தெரியாது.

அதனால என் முதல் விதி: தேடிப் போய் எடுக்க வேண்டிய லைட், எமர்ஜென்சி லைட்டே இல்ல. தானா எரியணும், அல்லது நீட்டின கைக்கு எட்டணும். எமர்ஜென்சி ஃபண்டை நிலத்துல போட்டு வைக்காதீங்கன்னு ஏன் சொல்றோம்? தேவைப்படற நேரத்துல கைக்கு வராது. அலமாரி மேல தட்டுல, பழைய சூட்கேஸுக்குப் பின்னாடி இருக்கற எமர்ஜென்சி லைட்டும் அதே கதைதான்.

எந்த இடம்னு கண்டுபிடிங்க

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட். ராத்திரி 9 மணிக்கு கம்ப்யூட்டரை ஷட்டவுன் பண்ணிட்டு, வீட்டுல இருக்கற எல்லாருக்கும் சொல்லிட்டு, மெயின் சுவிட்சை இறக்குங்க. கையில டார்ச் இருக்கட்டும், ஆனா போடாதீங்க. நின்ன இடத்துலேர்ந்து பாருங்க. தெரு விளக்கு எட்டிப் பார்க்கற ஹால்ல ஓரளவு எல்லாம் தெரியும். ஜன்னல் இல்லாத பாசேஜ், உள் பாத்ரூம், கிச்சன் பின்னாடி இருக்கற வாஷிங் ஏரியா, மாடிப்படி திரும்பற இடம், இங்கெல்லாம் மை இருட்டு. அந்த இடங்கள்ல எங்கே படி இருக்கு, எங்கே ஈரம் இருக்கு, ராத்திரி யார் நடக்கறாங்கன்னு பாருங்க. மூணும் சேர்ந்த இடம் எதுவோ, உங்க முதல் 500 ரூபாய் அங்கே போகணும். வீடு முழுக்க வெளிச்சம் தேவையில்ல. பெரும்பாலான வீடுகள்ல அப்படிப்பட்ட இடம் ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டுதான் இருக்கும்.

எதை வாங்கறது?

இங்கேதான் நிறைய பேர் சறுக்கறாங்க. ஆன்லைன்ல ரேட்டிங் பார்த்து வாங்கறோம். அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி வேற: அந்த இடத்துல இருக்கற லைட் தினமும் எத்தனை மணி நேரம் எரியுது?

ஏன் அந்தக் கேள்வின்னா, இப்போ எல்லாரும் வாங்கற இன்வெர்ட்டர் பல்பை எடுத்துக்குங்க. சாதாரண ஹோல்டர்ல மாட்டற எல்இடி பல்ப், உள்ளேயே ஒரு லித்தியம் பேட்டரி. கரண்ட் போனா தானா பேட்டரியில எரியும். 300லேர்ந்து 500 ரூபாய்க்குள்ள கிடைக்கும். அருமையான பொருள். ஆனா சுவிட்ச் ஆன்ல இருந்தா மட்டும்தான் அது சார்ஜ் ஆகும். முழு சார்ஜுக்கு எட்டு, பத்து மணி நேரம் தேவைப்படும். பாத்ரூம்ல நாம லைட் போடறது ஒரு நாளைக்கு அரை மணி நேரம். அங்கே மாட்டின இன்வெர்ட்டர் பல்ப் எப்பவும் அரைப்பட்டினிதான். தேவைப்படற அன்னைக்கு பத்து நிமிஷம் எரிஞ்சுட்டுப் படுத்துடும். நீங்க கம்பெனியைத் திட்டுவீங்க.

அதனால ஹால், கிச்சன், பகல்லயும் லைட் எரியற ஜன்னல் இல்லாத பாசேஜ், இந்த மாதிரி இடத்துக்கு இன்வெர்ட்டர் பல்ப் சரி. பாசேஜ் லைட்டை நாள் முழுக்க எரிய விட்டாக்கூட 9 வாட் பல்ப் மாசத்துக்கு ஆறரை யூனிட்தான். யூனிட்டுக்கு 5 ரூபாய்னு வச்சா 33 ரூபாய்.

இதுல ரெண்டு நுணுக்கம் தெரிஞ்சு வச்சுக்குங்க. கரண்ட் போனதும், சுவிட்ச் ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு இந்த பல்ப் எப்படிக் கண்டுபிடிக்குது? வீட்டு வயரிங் வழியா, லைன்ல இருக்கற மத்த பொருட்கள் மூலமா ஒரு சுற்று முழுமையா இருக்கான்னு பார்க்கும். அதனால லைட்டுக்கான எம்சிபியை மட்டும் இறக்கி டெஸ்ட் பண்ணா சில சமயம் எரியாது. மெயினை இறக்கி, ஃப்ரிட்ஜ் மாதிரி பொருட்கள் ஆன்ல இருக்கும்போது டெஸ்ட் பண்ணுங்க. அதே மாதிரி, சுவிட்ச்ல சின்ன சிவப்பு இண்டிகேட்டர் இருந்தா, ஆஃப் பண்ணாலும் சில பல்ப் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். வாங்கின வாரமே பார்த்துடுங்க, திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும். இன்னொண்ணு, முழுசா மூடின கண்ணாடி டோம்குள்ள இதை மாட்டாதீங்க. சூடு பேட்டரிக்கு எமன்.

சரி, பாத்ரூம் வாசலுக்கும் மாடிப்படிக்கும் என்ன? அங்கே என் ஓட்டு மோஷன் சென்சார் லைட்டுக்கு. ஆள் நடந்தா உடம்புச் சூட்டை உணர்ந்து தானா எரியும், 20, 30 விநாடியில அணையும். கரண்ட் இருக்கா இல்லையாங்கறதே அதுக்குத் தெரியாது, தன் பேட்டரியில வேலை பண்ணும். டைப்-சி சார்ஜிங் உள்ளது 300லேர்ந்து 600 ரூபாய்க்குள்ள. ஆணி அடிக்க வேண்டாம், காந்தமோ டேப்போ போதும். வாடகை வீட்டுக்காரங்க ஓனர்கிட்ட பேச்சு வாங்க வேண்டாம், வீடு மாறும்போது கூடவே எடுத்துட்டும் போகலாம். எல்லாத்தையும்விட முக்கியம், கரண்ட் இருக்கற ராத்திரியிலயும் அது வேலை பண்ணுது. தூக்கத்துல எழுந்து போறவங்க சுவிட்ச் தேட வேண்டாம். வருஷத்துக்கு 20 தடவை வர்ற கட்டுக்காக வாங்கின பொருள் 365 ராத்திரியும் உழைக்குது. இதைவிட நல்ல ரிட்டர்ன் எங்கே கிடைக்கும்?

மாட்டற உயரம் மட்டும் கவனம். தலைக்கு மேல மாட்டினா உங்க நிழலே படியில விழும். முழங்கால் உயரத்துல, தரையைப் பார்த்த மாதிரி மாட்டுங்க.

பழைய மாடல் எமர்ஜென்சி லைட், அதாவது கைப்பிடி வச்சது, பத்தி ஒரு வார்த்தை. விலை குறைஞ்ச சிலதுல இன்னும் சின்ன லெட்-ஆசிட் பேட்டரிதான் இருக்கு. அதை சார்ஜ் போடாம மாசக்கணக்குல வச்சா செத்துடும். "போன வருஷம்தான் வாங்கினேன், எரியவே மாட்டேங்குது"ன்னு சொல்றவங்க வீட்டுல பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். வாங்கறதா இருந்தா லித்தியம் பேட்டரி உள்ளதா, கரண்ட் போனா தானா எரியறதா பார்த்து வாங்குங்க. பிளக் பாயிண்ட் பக்கத்துல இருக்கற இடத்துக்கு மட்டும்தான் இது சரிப்படும்.

மெழுகுவர்த்தி? வேண்டாமே. கர்ட்டன், கொசுவலை, கேஸ் சிலிண்டர், ஓடியாடற குழந்தை எல்லாம் இருக்கற சின்ன ஃப்ளாட்ல நெருப்பைக் கொளுத்தி வச்சுட்டு நகர்றது, 10 ரூபாயை மிச்சப்படுத்தி வீட்டையே பணயம் வைக்கற வேலை. மொபைல் டார்ச்? அஞ்சு நிமிஷத்துக்கு ஓகே. ஆனா புயல் நாள்ல உங்க மொபைல்தான் ஆம்புலன்ஸ், யூபிஐ, ஊர்ல இருக்கறவங்களுக்கு "நல்லா இருக்கோம்"னு சொல்ற ஒரே வழி. அந்த சார்ஜை வெளிச்சத்துக்குக் கரைக்காதீங்க.

அட்டைப்பெட்டியை பேலன்ஸ் ஷீட் மாதிரி படிங்க

பெட்டி மேல பெருசா "9 வாட், 4 மணி நேர பேக்கப்"னு போட்டிருக்கும். திருப்பிப் பாருங்க, சின்ன எழுத்துல பேட்டரி 2,200 எம்ஏஹெச்னு இருக்கும். 2.2ஐ 3.7 வோல்ட்டால பெருக்குங்க. 8 வாட் ஹவர். 9 வாட்ல எரிஞ்சா ஒரு மணி நேரம் கூட தாங்காது. நாலு மணி நேரம் எரியணும்னா 2 வாட்லதான் எரிய முடியும், சுமார் 200 லூமென். ரெண்டு எண்ணும் தனித்தனியா உண்மையா இருக்கலாம். சேர்த்துப் படிச்சா நமக்கு வேற அர்த்தம் தோணுது, அவ்வளவுதான். நம்ம பாசேஜுக்கு 100 லூமெனே போதும்ங்கறதால இது கெட்ட பொருள் இல்ல. ஆனா "9 வாட் வெளிச்சத்துல பையன் படிப்பான்"னு நினைச்சு வாங்கினா ஏமாற்றம்தான்.

பேட்டரி எத்தனை எம்ஏஹெச்னே போடாத பெட்டியை வச்சுட்டு வந்துடுங்க. லித்தியம் செல்லுக்கும் பவர் பேங்குக்கும் நம்ம நாட்டுல பிஐஎஸ் பதிவு கட்டாயம். முத்திரையோட ஆர்-ல ஆரம்பிக்கற ஒரு நம்பர் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த நம்பரைப் போட்டா, யார் பேர்ல பதிவாகியிருக்குன்னு தெரிஞ்சுடும். 99 ரூபாய்க்கு 20,000 எம்ஏஹெச்னு விக்கறவங்க பக்கமே போகாதீங்க. தூங்கற ரூம்ல சார்ஜ் ஆகற பொருள் இது.

இன்வெர்ட்டர் யாருக்கு வேணும்?

நேர்மையா சொல்லணும்னா சில வீடுகளுக்குக் கண்டிப்பா வேணும். மின்சாரத்துல ஓடற மருத்துவக் கருவி வீட்டுல இருந்தா, பச்சைக்குழந்தையோ படுத்த படுக்கையா இருக்கற பெரியவங்களோ இருந்தா, இன்னும் அடிக்கடி நீளமா கட் வர்ற ஊர்ல இருந்தா, வீட்டுலேர்ந்து வேலை பார்த்து அதுலதான் சம்பளம்னா, யோசிக்காம வாங்குங்க. மே மாச ராத்திரியில ஃபேன் இல்லாம தூங்கறது தண்டனைங்கறதையும் நான் மறுக்கல. அப்போ "ஃபேனுக்காக வாங்கறேன்"னு தெரிஞ்சு வாங்குங்க. பிஎல்டிசி ஃபேன் மாத்தினா சின்ன பேட்டரியே போதுமான்னு பாருங்க. ரவுட்டர் மட்டும்தான் பிரச்சினைன்னா, ரவுட்டருக்குன்னே மினி யூபிஎஸ் 1,000, 1,500 ரூபாய்க்குக் கிடைக்குது.

ஆனா முழுச் செலவையும் கணக்குல எடுங்க. மொத்தம் 22,000, அதுல பேட்டரி 14,000ன்னு வச்சுக்குவோம். பேட்டரி நாலு வருஷம், இன்வெர்ட்டர் எட்டு வருஷம் உழைச்சா, வருஷத்துக்கு 4,500 ரூபாய். மாசத்துக்கு 375. டிஸ்டில்டு வாட்டர் ஊத்தறது, வீடு மாறும்போது பேட்டரியைத் தூக்கறது, மறுபடி வயரிங் எல்லாம் தனி. 500 ரூபாய் சென்சார் லைட் ரெண்டே வருஷம் உழைச்சாலும் மாசத்துக்கு 21 ரூபாய்.

அந்த "நோ காஸ்ட் இஎம்ஐ"க்கும் வருவோம். 22,000 ரூபாய், 12 மாசம், பேங்க் வட்டி 15 சதவீதம்னு எடுத்துக்குங்க. வட்டி சுமார் 1,690 ரூபாய். அதை டிஸ்கவுண்டா கழிச்சுடுவாங்க, சரி. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, 304 ரூபாய், உங்க தலையில. ப்ராசசிங் ஃபீ 199ன்னா ஜிஎஸ்டியோட 235. மொத்தம் 539 ரூபாய். காஸ்டே இல்லாத இஎம்ஐயோட காஸ்ட்லயே உங்க பாசேஜ் லைட் வந்திருக்கும்!

நான் சொல்ற வரிசை

முதல்ல, மெயினை இறக்கிப் பார்த்து இருட்டு இடத்தைக் கண்டுபிடிங்க. அங்கே ஒரு சென்சார் லைட், அல்லது லைட் ரொம்ப நேரம் எரியற இடம்னா ஒரு இன்வெர்ட்டர் பல்ப். ரெண்டாவது, பவர் பேங்கோட ஒரு யூஎஸ்பி லைட் குச்சி. இது பெரிய கட்டுக்கு. சில பவர் பேங்க் ரொம்பக் குறைஞ்ச லோடுக்கு தானா ஆஃப் ஆகிடும், அதனால அரை மணி நேரம் எரிய விட்டுப் பார்த்துட்டு வைங்க. மூணாவது, மாசம் முதல் தேதி. எஸ்ஐபி கட்டாகற மெசேஜ் வரும் இல்லையா, அதையே அலாரமா வச்சுக்குங்க. அன்னைக்கு பவர் பேங்கையும் சென்சார் லைட்டையும் சார்ஜ் போடுங்க. புரட்டாசி கடைசியில, மழை தொடங்கறதுக்கு முன்னாடி, ஒரு தடவை மெயினை இறக்கி முழு டெஸ்ட். கட் நீளமாப் போனா புகார் பண்ண மின்னகம் நம்பர் 94987 94987, மொபைல்ல சேவ் பண்ணுங்க. வேலை செய்யாத லித்தியம் பேட்டரியைக் குப்பைத் தொட்டியில போடாம, இ-வேஸ்ட் வாங்கறவங்ககிட்ட கொடுங்க.

இவ்வளவும் முடிச்சு, எமர்ஜென்சி ஃபண்டும் ஆறு மாசத்துக்கு நிறைஞ்ச பிறகு, இன்வெர்ட்டர் ஆசை இருந்தா ரொக்கம் கொடுத்து வாங்கிக்குங்க. அப்போ அது கடன் இல்ல, வசதி.

சிலர் கேப்பாங்க, "500 ரூபாய் லைட்டுக்கு இவ்வளவு பெரிய பதிவா?"ன்னு. நம்ம தலைமுறை டேர்ம் இன்ஷூரன்ஸ் போடுது, ஹெல்த் கவர் எடுக்குது, நல்ல விஷயம். அதெல்லாம் நடந்த பிறகு பணம் தர்ற ஏற்பாடு. விழாம இருக்கறதுக்கு எந்த கம்பெனியும் க்ளெய்ம் தராது. அந்த பாலிசியை நாமதான் எழுதிக்கணும், அதோட பிரீமியம் மாசம் 21 ரூபாய்.

தீபாவளிக்கு அப்பா அம்மா வர்றாங்களா? அவங்க பஸ் ஏறறதுக்கு முன்னாடி அந்த லைட்டை மாட்டிடுங்க. வந்ததும், பாத்ரூம் வாசல்ல இருக்கற இறக்கத்தையும் ஒரு தடவை காட்டிடுங்க, அதுக்குக் காசே ஆகாது.

அடுத்த பதிவுல, பெற்றோருக்கு கம்பெனி குரூப் கவர் மட்டும் போதுமாங்கறதைக் கணக்கோட பார்ப்போம்.